ஸ்கேனில் தெரிந்துவிட்டது, பயாப்சி எதற்கு?

கர்ப்பப்பையிலோ சினைப்பையிலோ என்ன நோய் என்று கண்டுபிடிப்பவர் மகளிர் மருத்துவர். அவருக்கு ஸ்கேன் துணை. பெத்தாலஜிஸ்ட் என்பவர் லேபில் உட்கார்ந்து, ஏற்கெனவே தெரிந்துபோன ஒன்றுக்கு முத்திரை குத்தித் தருபவர். படித்தவர்கள் நிறைந்த பெங்களூருவின் வைட்ஃபீல்டில் இதை மறுத்துப் பேசுகிற ஆளைப் பார்ப்பது அரிது. ஐ.டி.பி.எல். சாலை அலுவலகங்கள் பெண் ஊழியர்களுக்கு வாங்கித் தரும் ஹெல்த் பேக்கேஜ்களும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கிளப் ஹவுஸில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை முகாம்களும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன. பட்டியலில் ஸ்கேன் இருக்கும், சி.ஏ.-125 என்ற ரத்தப் பரிசோதனை இருக்கும், பாப் ஸ்மியர் இருக்கும். அந்த ஸ்மியரைப் பார்க்கப்போவது யார் என்ற வரி மட்டும் இருக்காது. யாரும் கேட்பதும் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவர், மாதவிடாய்க் கணக்கைக் கேட்பவர், அறுவை செய்பவர் எல்லாம் மகளிர் மருத்துவர்தான். பெத்தாலஜிஸ்ட் அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. இன்றைய ஸ்கேன் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து சொல்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை, கண்ணால் ஸ்மியர் பார்ப்பதைவிட ஹெச்.பி.வி. வைரஸ் பரிசோதனை கூர்மையானது என்பது நிரூபணமாகிவிட்டது. அது மெஷின் வேலை. பெத்தாலஜிஸ்டுகள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. ஒரே ஸ்லைடை இருவர் பார்த்தால் இரண்டு பதில் வருகிறது. பயாப்சி என்றால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், காசும் ஆகும். போதாக்குறைக்கு, ஸ்லைடு படிக்கும் ஏ.ஐ. மென்பொருளை இதே பெங்களூருவில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இவற்றில் ஒன்றுகூட அப்பட்டமான பொய் இல்லை. இவற்றிலிருந்து எடுக்கிற முடிவுதான் பொய். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஸ்கேன் உருவத்தைக் காட்டும், குணத்தைக் காட்டாது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்கு மேலான பெண்ணுக்கு மறுபடி ரத்தம் படுகிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 4 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கிறது. அது புற்றுநோயாக இருக்கலாம். புற்றாக மாறக்கூடிய தடிப்பாக இருக்கலாம். ஒரு தொல்லையும் தராத பாலிப்பாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. உள்சவ்வைத் துளி சுரண்டி எடுத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, சில மைக்ரான் கனத்தில் சீவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர் சொன்னால்தான் அது எது என்று தெரியும். அதுவரை ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருப்பது சந்தேகம் மட்டுமே. நல்ல ரேடியாலஜிஸ்ட் அதைச் சந்தேகம் என்றே எழுதுகிறார். அதைத் தீர்ப்பாகப் படிப்பவர்கள் நாம்தான்.

ஃபைப்ராய்டு கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது வருவது, புற்று அல்லாதது. ஆனால் லியோமயோசார்கோமா என்ற கொடிய புற்றும் ஸ்கேனில் அச்சு அசல் ஃபைப்ராய்டு போலவே தெரியக்கூடும். இரண்டையும் பிரிப்பவை மூன்று அடையாளங்கள்: கட்டியின் செல்கள் தாமாகச் செத்துக் கிடக்கும் இடங்கள், செல்களின் விகார வடிவம், பிளந்துகொண்டிருக்கும் செல்களின் எண்ணிக்கை. மூன்றும் மைக்ரோஸ்கோப்பில் மட்டுமே தெரிபவை.

இதன் விலை என்னவென்று உலகத்துக்குக் காட்டியவர் ஏமி ரீட். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மயக்க மருந்து மருத்துவர், ஆறு குழந்தைகளின் தாய். 2013-இல் ஃபைப்ராய்டு என்று நம்பி அவருக்கு லேப்ராஸ்கோப்பி அறுவை செய்தார்கள். சிறு துளை வழியே கர்ப்பப்பையை வெளியே எடுக்க வசதியாக, வயிற்றுக்குள்ளேயே அதை மார்சலேட்டர் கருவியால் அரைத்தார்கள். பெத்தாலஜி ரிப்போர்ட் வந்தபோதுதான் அது சார்கோமா என்று தெரிந்தது. அதற்குள் கருவி புற்றை வயிறெங்கும் தூவிவிட்டிருந்தது. 2017-இல், 44 வயதில் அவர் இறந்தார். அவரும் அவருடைய கணவரும் நடத்திய போராட்டத்துக்கு நடுவே, 2014-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு கணக்கை வெளியிட்டது: ஃபைப்ராய்டுக்காக அறுவைக்கு வரும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு, யாரும் எதிர்பார்க்காத சார்கோமா ஒளிந்திருக்கிறது. ரீட் ஒரு மருத்துவர். பெரிய மருத்துவமனைகள் நிறைந்த ஊரில் வாழ்ந்தவர். 'நல்ல ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும்' என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள இந்தக் கதை இடம் தரவில்லை.

நம் நாட்டுக்கே உரிய குழப்பம் இன்னொன்று உண்டு. இளம்பெண் ஒருத்திக்கு வயிறு வீங்குகிறது, உடல் மெலிகிறது, ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர், சினைப்பைப் பக்கத்தில் கட்டி, சி.ஏ.-125 எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. முற்றிய சினைப்பைப் புற்றுநோய் என்று குடும்பம் இடிந்துபோகிறது. திறந்து பார்த்துத் திசு எடுத்து அனுப்பினால், மைக்ரோஸ்கோப்பில் தெரிவது காசநோயின் கிரானுலோமா! ஆறு மாத மாத்திரையில் குணமாகிற நோய். காசநோய் மலிந்த இந்தியாவில் இது ஏதோ அபூர்வக் கதையல்ல. மருத்துவக் கல்லூரிகளில் வருடா வருடம் சொல்லிக்கொடுக்கும் பாடம். அந்தப் பெண்ணின் சினைப்பைகளைக் காப்பாற்றுவது பயாப்சி ரிப்போர்ட்டின் ஒரு வரி.

சி.ஏ.-125 பற்றியும் சொல்லிவிட வேண்டும், பேக்கேஜ்களில் அதுதானே மகுடம். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் ஏறும், மாதவிடாயின்போது ஏறும், கர்ப்பத்தில் ஏறும், இடுப்புக்குழித் தொற்றில் ஏறும், காசநோயில் ஏறும். மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பெண்களைச் சேர்த்து நடத்திய பெரும் ஆய்வின் இறுதி முடிவு 2021-இல் வந்தது. சி.ஏ.-125, ஸ்கேன் இரண்டையும் வைத்து ஆண்டுதோறும் சலித்தாலும் சினைப்பைப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை. புகார் எதுவும் இல்லாத 32 வயது மென்பொறியாளருக்கு இதைச் செய்து, எண் கொஞ்சம் கூடியதும் தூக்கமில்லாமல் அடிப்பதற்குப் பெயர் நோயறிதலா?

2. 'பெத்தாலஜிஸ்ட் உறுதி மட்டுமே செய்கிறார்' என்பவர்கள் ஆக்லாந்தில் நடந்ததைப் படிக்க வேண்டும். நியூசிலாந்தின் நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் செல்வாக்குள்ள மகளிர் மருத்துவர். கர்ப்பப்பை வாயின் மேல்தோலுக்குள் அடங்கியிருக்கும் கார்சினோமா இன் சிட்டு என்ற நிலை, ஊடுருவும் புற்றாக மாறாது என்பது அவருடைய நம்பிக்கை. அதை நிரூபிக்க, 1966 முதல், அந்த நிலையிலிருந்த பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை கொடுக்காமல் வெறும் கண்காணிப்பில் வைத்தார். தாங்கள் ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறோம் என்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

அதே மருத்துவமனையின் பெத்தாலஜிஸ்ட் ஜாக் மெக்லீன் ஸ்லைடுகளில் வேறொன்றைப் பார்த்தார். புற்று ஊடுருவ ஆரம்பித்திருந்தது. எழுதினார், எச்சரித்தார். கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி நிபுணர் பில் மெக்இண்டோவும் எச்சரித்தார். மூத்த மருத்துவர் சொன்னதே எடுபட்டது. லேப்காரர் சொன்னது கோப்பில் தூங்கியது. கடைசியில் அவ்விருவரும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1984-இல் 948 பெண்களின் பதிவுகளைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சிகிச்சைக்குப் பின் ஸ்மியர் இயல்புக்குத் திரும்பிய 817 பேரில் 12 பேருக்குப் புற்று வந்திருந்தது. ஸ்மியர் தொடர்ந்து கெட்டே இருந்த 131 பேரில் 29 பேருக்கு வந்திருந்தது. 1987-இல் 'மெட்ரோ' பத்திரிகை விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்து 1988-இல் அறிக்கை வந்தது. அந்த நாட்டில் நோயாளிகளின் உரிமைச் சட்டமே அதிலிருந்து பிறந்தது.

பெத்தாலஜிஸ்ட் சும்மா முத்திரை குத்துபவராக இருந்திருந்தால் மெக்லீன் கிரீனின் நம்பிக்கைக்கும் குத்தியிருப்பார். அவருடைய வேலையின் பொருளே மாற்றுக் கருத்தைச் சொல்லும் உரிமைதான்.

கண்டுபிடிப்பிலும் கதை இதுவேதான். சினைப்பைப் புற்றுநோய் என்று நூறு வருடமாக நாம் அழைத்துவந்ததில் மிகக் கொடிய வகை, பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை. கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்குகிறது. பரம்பரை ஆபத்துள்ள பெண்களிடமிருந்து முன்னெச்சரிக்கையாக எடுத்த குழாய்களை நெதர்லாந்து ஆய்வாளர்கள் உற்றுப் பார்த்தபோது 2001-இல் முதல் துப்பு கிடைத்தது. பிறகு பாஸ்டன் பெத்தாலஜிஸ்டுகள் அந்த நுனியை நீளவாட்டில் சீவி முழுவதையும் பார்க்கும் முறையை வகுத்தார்கள். அதற்கு முன் பேருக்கு ஒரு குறுக்கு வெட்டு பார்த்துவிட்டு 'கருக்குழாய் இயல்பு' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்று, வேறு காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்கும்போதே கருக்குழாய்களையும் எடுத்துவிடலாமா என்று மகளிர் மருத்துவர்கள் பெண்களைக் கேட்கிறார்கள். எந்த ஸ்கேனும் இந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

3. ஹெச்.பி.வி. பரிசோதனை வந்துவிட்டதே என்ற வாதம் பாதி தூரம் வரை சரி. அந்தப் பாதியை மனமாரக் கொடுத்துவிடுகிறேன். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1.3 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது: ஒரே ஒரு முறை ஹெச்.பி.வி. பரிசோதனை செய்த பிரிவில், முற்றிய புற்றும் சாவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஸ்மியர் பார்த்த பிரிவில் அப்படிக் குறையவில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் இன்னும் எளிய முறை. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவி, வெளுக்கிறதா என்று பார்த்தார்கள். 2007-இல் வந்த முடிவின்படி சாவு 35 சதவீதம் குறைந்தது. மைக்ரோஸ்கோப்பே இல்லாத ஊரில் இவை உயிர் காக்கும் முறைகள்தான். இந்தியாவில் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்றாவது ஒருமுறை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்று ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, ஸ்மியர்தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தால் அது மடமை.

ஆனால் திண்டுக்கல்லிலும் சந்தேகமான இடத்தில் கால்போஸ்கோப்பி பார்த்து பயாப்சி எடுத்தார்கள் என்பதை இந்த வாதக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் வைரஸ் இருக்கிறது என்று பொருள். நோய் இருக்கிறது என்று பொருளல்ல. இந்தத் தொற்று பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். யாருக்குப் போகாமல் தங்கிச் செல்லை மாற்ற ஆரம்பித்திருக்கிறது, மாற்றம் மேல்தோலின் எத்தனை பங்கு ஏறியிருக்கிறது, அடியிலுள்ள சவ்வைத் தாண்டிவிட்டதா? பாசிட்டிவ் வந்த பெண் அறிய விரும்புவது இவற்றைத்தான், இவற்றுக்குப் பதில் பயாப்சியில் இருக்கிறது. சவ்வைத் தாண்டியிருந்தால்கூட, எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்பதைப் பொறுத்துத்தான் கர்ப்பப்பையைக் காப்பாற்றலாமா என்பது முடிவாகிறது. போதாததற்கு, இந்த வைரஸோடு தொடர்பே இல்லாத கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அவற்றைத் தனியாகவே பிரித்திருக்கிறது. வைரஸைத் தேடும் மெஷின் அந்தப் பெண்களிடம் 'நெகட்டிவ்' என்றுதான் சொல்லும்.

வசதியில்லாத ஊருக்கு வகுத்த குறுக்குவழியை, மருத்துவக் கல்லூரியையே ஈ.பி.ஐ.பி. தொழிற்பகுதிக்குள் வைத்திருக்கும் வைட்ஃபீல்ட் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?

4. 'எடுத்தாகிவிட்டது, இனி எதற்கு டெஸ்ட்' என்பது இருப்பவற்றிலேயே மோசமான வாதம். கர்ப்பப்பையை அகற்றியதும் அதை ஒரு தட்டில் வைத்து வெளியே காத்திருக்கும் கணவரிடம் காட்டுகிற வழக்கம் சிறிய நர்சிங் ஹோம்களில் இன்னும் இருக்கிறது. பார்த்துவிட்டுக் குடும்பம் திருப்தியாகிறது. பிறகு அது எங்கே போகிறது? சில இடங்களில் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, "வேணும்னா லேப்ல குடுத்துருங்க, எக்ஸ்ட்ரா சார்ஜ் ஆகும்" என்று உறவினர் கையிலேயே கொடுக்கிறார்கள். அந்த 'வேணும்னா' என்ற சொல்லில் ஒரு குற்றம் இருக்கிறது. ரத்தப்போக்குக்காக எடுத்த கர்ப்பப்பையில் யாரும் நினைக்காத புற்று அகப்படுவதுண்டு. அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு மேலும் அறுவை, கதிரியக்கம் தேவைப்படலாம். டப்பா குப்பைக்குப் போயிருந்தால், இரண்டு வருடம் கழித்து நுரையீரலில் கட்டியோடு வரும்போது அது எங்கிருந்து வந்ததென்றே தெரியாது.

கருச்சிதைவு விஷயத்தில் அலட்சியம் இன்னும் கூடுதல். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது, சுத்தம் செய்தாயிற்று, 'அடுத்த முறை பாத்துக்கலாம்மா'. கலைந்தது முத்துப்பிள்ளைக் கர்ப்பமாக இருந்தால்? முன்பெல்லாம் நான்காம் ஐந்தாம் மாதம்வரை வளர்ந்து, திராட்சைக் குலை போலக் கண்ணுக்கே தெரியும். இப்போது சீக்கிரமே ஸ்கேன் பார்த்துச் சீக்கிரமே சுத்தம் செய்துவிடுவதால், அது சாதாரணக் கருச்சிதைவு போலவே தோன்றி ஏமாற்றுகிறது. ஸ்லைடில் நஞ்சு முளைகளின் வடிவத்தைப் பார்த்தும், ஐயமிருந்தால் பி57 என்ற சாயம் ஏற்றிப் பார்த்தும் பிரிக்கிறார்கள். முழு முத்துப்பிள்ளையில் ஆறேழு பேரில் ஒருவருக்குத் திசு உள்ளே தங்கி மறுபடி வளர்கிறது. சிலருக்குக் கோரியோகார்சினோமா புற்றாகிறது. ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. ஹார்மோன் அளவை வாராவாரம் தொடர்ந்து பார்த்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். கீமோதெரபியில் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிற நோய் அது. ஆனால் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டுமே.

இனி, பேசத் தயங்குகிற ஒரு விஷயம். கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில், லம்பாணிக் குடியிருப்புகளான தாண்டாக்களைச் சேர்ந்த ஏழைப் பெண்கள் பலரின் கர்ப்பப்பைகளைத் தேவையில்லாமல் எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு 2015 வாக்கில் வெடித்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் கர்ப்பப்பையை இழந்த கதையை நாடே படித்தது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்களைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் வகுத்த வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அறுவை தேவைதானா என்பதற்கு, அறுத்தவருக்குக் கட்டுப்படாத சாட்சி யார்? பெத்தாலஜிஸ்ட். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. கர்ப்பப்பை இறங்கிய பெண்ணுக்கு எடுத்தால் ஸ்லைடு இயல்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே இடத்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்காரிகளின் நோயற்ற கர்ப்பப்பைகள் வரிசையாக வந்தால், அந்த ரிப்போர்ட்டுகளின் கட்டு பேச ஆரம்பித்துவிடும். டப்பாவை லேபுக்கு அனுப்பாதவர்களில் சிலர் மிச்சப்படுத்துவது நோயாளியின் காசை அல்ல.

5. பெத்தாலஜிஸ்டுகள் முரண்படுகிறார்கள் என்பது உண்மை, அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கர்ப்பப்பை வாயின் லேசான மாற்றம் என்று முதலில் சொன்ன பயாப்சிகளை அமெரிக்காவில் நிபுணர் குழு மறுபடி பார்த்து 2001-இல் முடிவை வெளியிட்டது. முதல் தீர்ப்போடு குழு ஒத்துப்போனவை பாதிக்கும் குறைவு. எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் மிகக் கூரான ஆயுதம் இது. ஆனால் இதிலிருந்து பிறக்கும் கட்டளை என்ன? எல்லைக்கோட்டு ஸ்லைடை இரண்டாவது கண் பார்க்கட்டும், பி16 சாயம் ஏற்றட்டும், இன்னொரு ஊருக்கு அனுப்பட்டும் என்பதே. நீதிபதிகள் இரண்டுவிதமாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதால் நாம் மேல்முறையீட்டை வைத்தோம், நீதிமன்றத்தை மூடவில்லை.

முரண்பாட்டில் ஒரு பங்கு லேபுக்கு வெளியே பிறக்கிறது என்பதை அத்துறையினரைத் தவிர யாரும் சொல்வதில்லை. விண்ணப்பப் படிவத்தில் 'எண்டோமெட்ரியம், ஹெச்.பி.இ.' என்று இரண்டு சொல் எழுதி அனுப்புகிறார்கள். வயது இல்லை, கடைசி மாதவிடாய்த் தேதி இல்லை, ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாளா என்பது இல்லை. உள்சவ்வோ மாதத்தில் ஒவ்வொரு நாளும் முகம் மாற்றுவது. பெரு நாட்டுப் பெத்தாலஜிஸ்ட் ஹாவியேர் ஆரியாஸ்-ஸ்டெல்லா 1954-இல் விவரித்த ஒரு மாற்றம் உண்டு: கர்ப்பத்தின் ஹார்மோனால் உள்சவ்வின் செல்கள் பெருத்துக் கருத்து, பார்க்கப் புற்றுபோலவே இருக்கும். அவள் கர்ப்பமாக இருந்தாள் என்ற ஒரு சொல் படிவத்தில் இருந்தால் சிக்கல் தீர்ந்தது. அந்தச் சொல்லை எழுதாமல் விட்டவர், பிறகு லேபின் தரத்தைப் பற்றிப் பேசுகிறார்!

ஃபார்மலினும் அப்படித்தான். திசுவைப்போலப் பத்து மடங்கு அளவு ஃபார்மலினில் முங்க வேண்டும். முழுக் கர்ப்பப்பையென்றால் சீக்கிரமே திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்சவ்வு உள்ளேயே அழுகிவிடும். சலைனில் போட்டு, பைக்கில் மாதிரி எடுத்துப் போகும் பையனின் பெட்டியில் வர்த்தூர் சாலை நெரிசலில் பகலெல்லாம் அலையவிட்டு அனுப்பினால், உலகின் தலைசிறந்த பெத்தாலஜிஸ்டும் 'ஆட்டோலைசிஸ், கருத்துச் சொல்ல இயலவில்லை' என்றுதான் எழுத முடியும்.

6. ஏ.ஐ. வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது வைட்ஃபீல்டின் செல்ல வாதம். பாப் ஸ்மியரைப் படிக்க நியூரல் நெட்வொர்க் வரப்போகிறது என்று வியப்பவர்களுக்கு ஒரு செய்தி: அது வந்து முப்பது வருடமாயிற்று. பாப்நெட் என்ற கருவிக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 1995-இல். தயாரித்த நிறுவனம் 1999-இல் திவாலானது. அதற்குப் பின் வந்த கருவிகள் எவ்வளவோ மேம்பட்டவை. ஆயிரக்கணக்கான செல்களுக்குள் சந்தேகத்துக்குரியவற்றை முன்னால் தள்ளிக் காட்டும் உதவி பெரியதுதான், செல்களைப் படிக்கும் சைட்டாலஜி ஆட்களுக்குப் பஞ்சமான நாட்டுக்கு அது வரப்பிரசாதம். நான் அதற்கு எதிரியல்ல. உதவியாளரை நீதிபதி ஆக்காதீர்கள் என்பதே என் வழக்கு. லேப் ரிப்போர்ட்டில், பெத்தாலஜியில் பட்ட மேற்படிப்பு முடித்த பதிவு பெற்ற மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது. கையெழுத்து என்பது பொறுப்பு. மென்பொருளைக் கூண்டில் ஏற்ற முடியாது.

பொறுப்பு கரைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 2011-இல் விக்கி ஃபீலன் என்ற பெண்ணின் ஸ்மியர் இயல்பு என்று ரிப்போர்ட் வந்தது. 2014-இல் அவருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பழைய ஸ்லைடை மறுபடி பார்த்தபோது முதல் ரிப்போர்ட் தவறு என்று தெரிந்தும் அவரிடம் நீண்ட நாள் சொல்லவில்லை. 2018-இல் அவர் வழக்கு நஷ்டஈட்டோடு முடிந்தது. அவரைப்போல 200-க்கும் மேற்பட்ட பெண்கள் இருப்பது வெளிவந்தது. 2022-இல் அவர் இறந்தார். இதை விசாரித்த கேப்ரியல் ஸ்காலி, ஆய்வகங்களின் தரம் மோசம் என்று சொல்லவில்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஸ்லைடுகள் ஆறு ஆய்வகங்களுக்குப் போனதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். தோண்டியபோது பதினாறு என்று தெரிந்தது. ஒப்பந்தம் கைமாறிக் கைமாறி, யார் பார்த்தார்கள் என்பது ஓர் அரசாங்கத்துக்கே தெரியவில்லை. நம் பேக்கேஜ் ஸ்மியர்கள் எந்த ஊரில், யார் மேசையில் முடிகின்றன என்று முகாமில் நிற்கும் ஒருவரையாவது கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றை மென்பொருள்காரர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை. ஏ.ஐ. பார்ப்பது ஸ்லைடை. ஸ்லைடுக்கு முன் கத்தி இருக்கிறது. இருபது சென்டிமீட்டர் சினைப்பைக் கட்டி ஒன்று மேசைக்கு வருகிறது. அதில் எங்கே வெட்டுவது, எந்தத் துண்டை மெழுகில் பதிப்பது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த வகைக் கட்டியிடம் செல்லாது. சளி நிரம்பிய ஒரே கட்டிக்குள் ஒரு மூலையில் சாதுவான பகுதி, அடுத்த அறையில் எல்லைக்கோட்டு ரகம், வழவழப்பு மாறிக் கெட்டியாக இருக்கும் ஓரத்தில் முழுப் புற்று என மூன்றும் குடியிருக்கும். அதனால்தான் கட்டியின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குறைந்தது ஒரு துண்டு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கெட்டியான ஓரத்தை விரலால் தடவிக் கண்டுபிடிப்பவர் பெத்தாலஜிஸ்ட். அவர் எடுக்காத துண்டை எந்த அல்காரிதமும் பார்க்கப்போவதில்லை. அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே, திசுவை உறையவைத்து உடனே பார்க்கும் ஃப்ரோசன் செக்ஷன் கேட்டால் இதையெல்லாம் அரைமணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். மயக்கத்தில் படுத்திருக்கும் இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு சினைப்பையோடு நிறுத்துவதா, எல்லாவற்றையும் எடுப்பதா என்பது அவர் போனில் சொல்லும் வார்த்தையைப் பொறுத்தது. முகத்தையே பார்க்காதவர் என்றார்களே, அவர்தான்.

செலவு என்ற கடைசிப் புகாருக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. பேக்கேஜிலிருந்து அந்த சி.ஏ.-125-ஐ எடுத்துவிடுங்கள். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ஹெச்.பி.வி. பரிசோதனையை வையுங்கள், பாசிட்டிவ் ஆனால் கால்போஸ்கோப்பியும் பயாப்சியும் அதே ஒப்பந்தத்தில் அடங்கட்டும். நிறுவனத்தின் மனிதவளத் துறையும் குடியிருப்போர் சங்கமும் அடுத்த முறை கையெழுத்திடும் முன், ஸ்லைடைப் பார்ப்பவரின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் கேட்கட்டும். திருப்பிச் சொல்லத் தெரியாத நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடையாது. கிளப் ஹவுஸில் முகாம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்து அதே வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்களையும் அந்த வரிசையில் நிற்கவைக்கட்டும். மகாராஷ்டிரத்திலும் திண்டுக்கல்லிலும் நடந்த ஆய்வுகளுக்குத் தங்கள் உடலைக் கொடுத்தவர்கள் அவர்களைப் போன்ற பெண்கள்தான்.